திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு: முதுகுப்பையுடன் ஒரு பஸ் பயணம்

இருபத்தேழு ஆண்டுகளாக நோர்வேயில் வாழும் நான், சென்ற ஆகஸ்ட் மாதம் பத்தொன்பது வயது மகளுடன் சொந்த ஊரான திருகோணமலைக்குச் சென்று, உப்புவெளிக் கடற்கரையில் பத்து நாட்கள் தங்கினேன். கொழும்புக்குப் போக வான் பிடித்துத் தருவதாக அத்தான் எவ்வளவோ சொல்லியும், சாதாரண பஸ்ஸில்தான் போவது என்று மகள் உறுதியாக நின்றாள். அந்தப் பயணத்தில் எங்களுக்குக் கிடைத்த சேவைகளைப் பற்றி, அடுத்து வருபவர்களுக்குப் பயன்படும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

ஏறத்தாழ 260 கிலோமீற்றர் கொண்ட இந்த வழித்தடத்தின் இலக்கம் 49. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிவப்பு பஸ்களும் தனியார் பஸ்களும் இதில் ஓடுகின்றன. போகும்போது சபையின் பஸ்ஸையே தேர்ந்தோம். ஒரு பக்கம் இருவரும் மறுபக்கம் மூவரும் அமரும் அந்த பஸ்ஸில், ஆசனங்களுக்கு மேலுள்ள தட்டு துணிப்பைக்கும் சாப்பாட்டுப் பொதிக்கும் போதுமே தவிர, வெளிநாட்டிலிருந்து நாம் சுமந்து வரும் பெரிய முதுகுப்பைக்குப் போதாது. நாங்கள் தடுமாறுவதைக் கண்ட நடத்துனர், சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நடுத்தர வயதுக்காரர், "அக்கா, பேக் ரெண்டையும் இங்க தாங்க, நான் பாத்துக்கொள்றன்" என்று தமிழிலேயே சொல்லி, சாரதியின் ஆசனத்துக்குப் பின்னால் அவற்றை அடுக்கிக் கயிற்றால் கட்டினார். மேலதிகமாக ஒரு சதமும் கேட்கவில்லை. பற்றுச்சீட்டையும் மிச்சக்காசையும் கேட்காமலே தந்தார். முன்வரிசை ஆசனங்கள் மதகுருமாருக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் ஒதுக்கப்பட்டவை என்பதை மகளுக்கு விளக்கிப் பின்னால் அமர்ந்தோம். காலையில் தெற்கு நோக்கிப் புறப்படுபவர்கள் வலப்பக்க ஆசனத்தைப் பிடித்தால் வெயிலுக்குத் தப்பலாம்.

குளக்கோட்டன் கட்டியதாக எங்கள் ஊரார் வழிவழியாகச் சொல்லும் குளம் இருக்கும் கந்தளாயை அடைந்தபோது, 1986 ஏப்ரலில் அதன் அணை உடைந்து ஊர்களை வெள்ளம் அள்ளிச் சென்றதை அம்மா சொல்லக் கேட்டது நினைவுக்கு வந்தது. அங்கிருந்து ஹபரணை வரையிலான காட்டுப்பாதையில் மகள் யானையைத் தேடிக்கொண்டிருந்தாள். நானோ வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். போர்க்காலத்தில் இதே தெருவில் சோதனைச் சாவடிகள்தோறும் பஸ்ஸை நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, பைகளைத் திறந்து உடுப்புகளைக் கிளறிப் பார்ப்பார்கள். அம்மா என் கையை விடாமல் வரிசையில் நிற்பார். இம்முறை, ஏழு மணி நேரத்தில், கட்டிய கயிறு அவிழ்க்கப்படாமலே எங்கள் பைகள் கொழும்பு புறக்கோட்டைக்கு வந்து சேர்ந்தன. என் தலைமுறையினருக்கு இது எவ்வளவு பெரிய விடயம் என்பதை மகளுக்குச் சொல்லி முடிக்க முடியவில்லை.

குறை சொல்ல வேண்டியது கழிப்பறையைப் பற்றித்தான். பஸ் இளைப்பாற நின்ற உணவகத்தில் சோறும் தேநீரும் நன்றாகவே இருந்தன. ஆனால் பெண்களுக்கென இருந்த இரண்டு கழிப்பறைகளில் ஒன்று பூட்டிக் கிடந்தது. மற்றதில் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் வாளியில் மட்டுமே இருந்தது. இருபது நிமிட இடைவேளையில் பதினைந்து பெண்கள் வரிசையில் நின்றோம். வழியில் சிரமம் வரும் என்று பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை என்று எனக்கு முன்னால் நின்ற முதிய தாய் சொன்னார். இந்த வெக்கையில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் அப்படிப் பயணம் செய்வது உயிருக்கே ஆபத்தானது. நாளொன்றுக்கு இத்தனை பஸ்களை நிறுத்திப் பிழைக்கும் இடத்தில் இரண்டு தாழ்ப்பாள்களும் ஒரு குழாயும் பெரிய செலவாக முடியாது.

திரும்பும்போது குளிரூட்டிய தனியார் பஸ் ஒன்றில் தொலைபேசி வழியாக இரண்டு ஆசனங்களை முற்பதிவு செய்திருந்தோம். பைகளை டிக்கியில் வைத்துவிட்டு ஏறிப் பார்த்தால், அதே இலக்கங்களுடன் வேறு இருவர் அமர்ந்திருந்தனர். உறுதிப்படுத்திய குறுஞ்செய்தி சிங்களத்தில் மட்டும் வந்திருந்ததால், அதில் புறப்படும் நேரம் மாறியிருந்ததை நாங்கள் அறியவில்லை. எங்கள் பஸ் அரை மணி நேரத்துக்கு முன்பே போய்விட்டிருந்தது. பஸ்ஸின் முகப்புப் பலகையில் ஊர்ப்பெயர் மும்மொழியிலும் இருக்கிறது. பயணிக்கு இன்றியமையாத செய்தியோ ஒரு மொழியில் மட்டும் வருகிறது. தமிழும் ஆட்சிமொழி என்று 1987இல் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்ட நாட்டில், தமிழர் பெருமளவில் ஏறி இறங்கும் வழித்தடத்தில், இதை ஏற்க எனக்கு மனமில்லை. அன்றிரவு கடைசி வரிசையில் கிடைத்த இரண்டு இடங்களில் ஊர் வந்து சேர்ந்தோம்.

வீட்டுக்கு வந்த மறுநாளே, குறுஞ்செய்தியின் படத்தையும் இரண்டு பற்றுச்சீட்டுகளையும் இணைத்து, அந்த நிறுவனத்துக்கு ஒரு முறைப்பாட்டுக் கடிதம் அனுப்பினேன். ஆங்கிலத்தில் எழுதினால் விரைவாகப் பதில் வரும் என்று அத்தான் சொன்னார். நான் அதைத் தமிழிலேயே எழுதினேன்.