ஆர்டிஎக்ஸ் 3060: கார்டு வாங்கப் போய் பவர் சப்ளையும் வாங்கிய கதை

ஆறு வருடம் உழைத்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டில் சைபர்பங்க் 2077 கேம் ஓடியது என்று சொல்ல முடியாது, நொண்டியது. அதனால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் 12 ஜிபி மெமரி உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு ஒன்றை, பழையதுதான், வாங்கி வந்தேன்.

கேபினெட்டைத் திறந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. பழைய கார்டு 75 வாட்தான், மதர்போர்டிலிருந்தே மின்சாரத்தை இழுத்துக்கொள்ளும். இது 170 வாட், தனியாக 8 பின் ஒயர் கேட்கிறது. என் 450 வாட் பவர் சப்ளையில் 6 பின்தான் இருந்தது. “அடாப்டர் போட்டுக்கோங்க சார், ஒண்ணும் ஆகாது” என்றார் கடைக்காரர். எனக்கு மனசு வரவில்லை. இந்தக் கார்டின் சிப்பை வடிவமைத்த என்விடியா சொல்கிறபடி 550 வாட்டில் புதிதாக ஒன்று வாங்கினேன். பட்ஜெட்டில் ஓட்டை.

மாட்டி ஆன் செய்தால் திரை கறுப்பு. அரை மணி நேரம் வியர்த்தேன். கடைசியில் பார்த்தால், மானிட்டர் ஒயரைக் கார்டில் சொருகாமல் அவசரத்தில் மதர்போர்டில் சொருகியிருக்கிறேன்! வீட்டில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

சரி, கார்டு எப்படி? 1080பி திரைத் தெளிவில், ஹை செட்டிங்கில், டிஎல்எஸ்எஸ் (படத்தைச் சிறிதாக வரைந்து ஏஐ மூலம் பெரிதாக்கும் வசதி) போட்டால் நொடிக்கு 60 ஃபிரேமுக்குக் குறைவது அபூர்வம். கேமில் மழை பெய்த தெருவில் கடைகளின் விளக்கு பிரதிபலிப்பதை இப்போதுதான் ஒழுங்காகப் பார்க்கிறேன். ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு நிழலையும் பிரதிபலிப்பையும் காட்டும் ரே டிரேசிங்கை முழுசாக ஏற்றினால் மூச்சு வாங்குகிறது, அணைத்துவிட்டேன். மின்விசிறிச் சத்தமும் மே மாதத்தில் கொஞ்சம் அதிகம்தான்.