எக்ஸாக்ட் ஆடியோ காப்பியும் நம்ம ஊர் கச்சேரி சிடிக்களும்

வீட்டில் சேர்ந்துவிட்ட கர்நாடக இசை சிடிக்களை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றப் பல வருடங்களாக எக்ஸாக்ட் ஆடியோ காப்பியைத்தான் பயன்படுத்துகிறேன். சுருக்கமாக இஏசி. ஆந்த்ரே வீட்ஹோஃப் என்ற ஜெர்மானியர் எழுதிய விண்டோஸ் மென்பொருள், இலவசம். தோற்றம் விண்டோஸ் 98 காலத்திலேயே நின்றுவிட்டது. வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் இதற்குக் கிடைக்கும் வழிகாட்டிகள் மேற்கத்திய ஆல்பங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் சிடிக்களுக்கு வரும்போது முக்கியமான ஒரு இடத்தில் அவை கைவிட்டுவிடுகின்றன.

ஆடியோ சிடியிலிருந்து பாட்டை எடுப்பது சாதாரண ஃபைல் காப்பி இல்லை. டேட்டா சிடியில் செக்டார் எனப்படும் ஒவ்வொரு சின்னப் பகுதியிலும் 2048 பைட் தகவல் போக, பிழை திருத்தத்துக்கென்று தனியாக இடம் ஒதுக்கியிருப்பார்கள். ஆடியோ சிடியில் அந்த அடுக்கே கிடையாது. செக்டாரின் 2352 பைட்டும் ஒலிக்கே போய்விடும். அதற்குக் கீழே ஒரு திருத்த ஏற்பாடு இருக்கிறது, சின்னக் கீறல்களை அது சமாளித்துவிடும். அதற்கும் மிஞ்சினால் டிரைவ் முன்பின் இருக்கும் சாம்பிள்களை, அதாவது ஒலியின் துளி அளவீடுகளைப் பார்த்து நடுவில் உத்தேசமாக ஒன்றைப் போட்டு நிரப்பிவிடும். கேட்பவருக்குப் பெரும்பாலும் தெரியாது. எடுத்தது அசல்தானா என்ற சந்தேகம் வருவது இதனால்தான்.

இஏசியின் செக்யூர் மோட் இதற்கு எளிமையான ஒரு வழி வைத்திருக்கிறது. ஒவ்வொரு பகுதியையும் இரண்டு முறை படிக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அதே இடத்தை 16 முறை படிக்கும். அதில் 8 முறையாவது ஒரே விடை வந்தால்தான் ஏற்றுக்கொள்ளும். அந்த நேரத்தில் திரையில் சிவப்புக் கட்டங்கள் ஒவ்வொன்றாக எரிவதையும், டிரைவின் இரைச்சல் திடீரென்று இறங்கி முனகலாக மாறுவதையும் கவனிக்கலாம். சரியான சிடி பத்து நிமிடத்தில் முடியும். மோசமான சிடி ராத்திரி முழுக்க ஓடும். டிரைவே பிழையைச் சொல்லும் சி2 வசதியை அணைத்து வைத்திருக்கிறேன். சில டிரைவ்கள் அதில் பொய் சொல்கின்றன.

இனி அந்த முக்கியமான இடம். அக்யூரேட்ரிப் என்று ஒரு தரவுத்தளம் இருக்கிறது. உலகெங்கும் அதே சிடியை எடுத்தவர்களின் செக்சம் எண்கள், அதாவது ஒலித் தகவலிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்கள், அதில் இருக்கும். நம்முடையது அவற்றோடு பொருந்தினால் வேலை முடிந்தது. புகழ்பெற்ற ஆங்கில ஆல்பம் என்றால் நூற்றுக்கணக்கானவர்களோடு பொருந்தும். சென்னையில் வெளியான ஒரு வீணைக் கச்சேரியைப் போட்டுப் பாருங்கள், தரவுத்தளத்தில் இல்லை என்றுதான் பெரும்பாலும் வரும். ஒத்துப் பார்க்க ஆளே இல்லை. ஆகவே நமக்கு நாமேதான் சாட்சி.

நான் செய்வது இதுதான். 'டெஸ்ட் அண்ட் காப்பி' கொடுத்தால் ஒவ்வொரு டிராக்கையும் இரண்டு முழுச் சுற்று எடுத்து சிஆர்சி எனப்படும் சரிபார்ப்பு எண்கள் இரண்டையும் ஒப்பிடும். இதைத் தவிர்க்கவே கூடாது. சந்தேகம் உள்ள சிடியை வேறு கம்பெனி டிரைவில் இன்னொரு தடவை எடுப்பேன். ஒரே டிரைவ் ஒரே தப்பை இரண்டு தடவையும் செய்யக்கூடும். வேறு இரண்டு டிரைவ்கள் அச்சுப்பிசகாமல் ஒரே தப்பைச் செய்வது அபூர்வம். மெல்லிய யுஎஸ்பி சிடி டிரைவைவிட, பழைய டெஸ்க்டாப் டிரைவை அடாப்டர் வைத்து இணைப்பது மேல் என்பது என் அனுபவம். கீறல் சிடியை அது அதிகம் பொறுத்துப்போகிறது.

இரண்டு டிரைவையும் ஒப்பிட வேண்டுமென்றால் ரீட் ஆஃப்செட் சரியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு மாடலும் சில சாம்பிள்கள் முன்னே பின்னே படிக்கும். பல டிரைவ்களுக்கு +6. விநாடிக்கு 44,100 சாம்பிள் ஓடும் இடத்தில் இது காதுக்கு ஒன்றுமே இல்லை, ஆனால் சிஆர்சி மாறிவிடும். மாடல் பட்டியலைப் பார்த்து ஒருமுறை போட்டுவிட்டால் போதும்.

சேமிப்பது, ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் வடிவத்தில். எம்பி3 வேண்டாம் என்பதற்குத் தரம் மட்டும் காரணமில்லை. நேரடிக் கச்சேரி சிடியில் கீர்த்தனை ஒரு டிராக், தனி ஆவர்த்தனம் அடுத்த டிராக் என்று பிரித்திருப்பார்கள். நடுவில் இடைவெளி கிடையாது. எம்பி3 ஒவ்வொரு ஃபைலின் முனையிலும் கொஞ்சம் மௌனத்தைச் சேர்க்கும், பல பிளேயர்களில் மிருதங்கக்காரர் எடுக்கும் இடத்தில் ஒரு வெட்டு விழும். ஃபிளாக்கில் அந்தத் தொல்லை இல்லை. தவிர, அசல் ஒலியின் எம்டி5 என்ற சரிபார்ப்பு எண் ஃபைலுக்குள்ளேயே இருப்பதால் பத்து வருடம் கழித்தும் கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்று சோதிக்கலாம்.

பெயர் போடுவதுதான் பெரிய வேலை. சிடியின் பாட்டுப் பெயர்களைத் தரும் பழைய இணையத் தரவுத்தளமான ஃப்ரீடிபி 2020இல் மூடிவிட்டது. இருந்தபோதும் அதில் தோடி ராகத்தின் பெயர் ஒரு சிடியில் ஒரு மாதிரி, அடுத்ததில் வேறு மாதிரி இருக்கும். ஃபைலில் பெயர்களைப் பதியும் எம்பி3டேக் மென்பொருளில் கையால்தான் அடிக்கிறேன். ராகம், தாளம், பக்கவாத்தியம் என்று நாமே தலைப்பு வைத்துக்கொள்ளலாம், தமிழ் எழுத்தும் பிரச்சினையில்லை. கார் ஸ்டீரியோவில் மட்டும் கட்டம் கட்டமாகத் தெரியும், போகட்டும்.

எதை முதலில் எடுப்பது? கடையில் வாங்கிய அச்சு சிடி காத்திருக்கும். வீட்டில் எரித்த சிடி காத்திருக்காது. கல்யாண நாதஸ்வரம், தாத்தா பேசியது, சபாவில் யாரோ பதிந்து கொடுத்தது எல்லாம் சாயத்தில் எழுதியவை; வெளிச்சத்திலும் சூட்டிலும் அது வெளுக்கும். மேலே காகித லேபிள் ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள், தகவல் அடுக்கு அந்தப் பக்கத்து மெல்லிய பூச்சுக்குக் கீழேதான் இருக்கிறது. அடிப்பக்கக் கீறலைத் தேய்த்துச் சரிசெய்ய வழியுண்டு, மேல்பக்கக் கீறலுக்கு மருந்தே இல்லை. துடைப்பதும் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி, வட்டமாக அல்ல.

தெருக்கடையில் எரித்துக் கொடுத்த சினிமாப் பாட்டு சிடிக்களுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். ஒலியின் அதிர்வெண்களைக் காட்டும் அலைமாலையைப் பார்த்தால் பலவற்றில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமே இருக்காது. எம்பி3யை விரித்து ஆடியோ சிடியாக்கியிருப்பார்கள்.

என்னிடம் இன்னும் தீராத கேஸ் ஒன்று உண்டு. ஒரு ராகம் தானம் பல்லவியில் தானத்தின் கடைசி இரண்டு விநாடி, இரண்டு டிரைவிலும் இரண்டு விதமாக வருகிறது. இரண்டையும் அதனதன் லாக் ஃபைலோடு வைத்திருக்கிறேன். அதே வெளியீட்டின் இன்னொரு பிரதிக்காகப் பழைய சிடிக் கடைகளில் சொல்லி வைத்திருக்கிறேன்.