முடிவில் பூச்சியமா, முதலில் நீளமா?

பழைய 8 பிட் புரோசசருக்கு நிரல் எழுதுகிறவர்கள் சரங்களை, அதாவது பெயர் போன்ற எழுத்து வரிசைகளை, நினைவகத்தில் வைத்திருக்கப் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைத்தான் எடுப்பார்கள். எழுத்துகளை அடுக்கிவிட்டுக் கடைசியில் ஒரு பூச்சியம் போடுவது ஒன்று; கொமடோர் 64 போன்ற, 6502 வகைப் புரோசசர் உள்ள இயந்திரங்களுக்கான புரோக்8 மொழி அப்படி. முதல் பைட்டிலேயே நீளத்தை எழுதிவிடுவது மற்றது. இசட்80 என்ற புரோசசரில் ஓடிய டேர்போ பஸ்கால் அப்படி. இரண்டிலும் உச்சவரம்பு 255 எழுத்து. இடமும் ஒன்றுதான்: ஆங்கில எழுத்தில் திருகோணமலை 11, எப்படி வைத்தாலும் 12 பைட்.

வேலை வாங்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். பஸ் நிலையப் பலகை மாதிரி ஊர்ப்பெயர்களைத் திரையில் ஓடவிடும் சின்ன நிரல் ஒன்றை எடுப்போம். உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியா, மூதூர் என்று ஆங்கில எழுத்தில் ஒரு பட்டியல். அதில் 'வெளி'யில் முடிகிறவற்றை மட்டும் பொறுக்க வேண்டும். பஸ்காலில் நிலாவெளியின் நீளம் 8 என்று முதல் பைட்டே சொல்லிவிடும். 'வெளி'யின் 4 எழுத்தைக் கழித்தால் சரியான இடத்தில் போய் நிற்கலாம். பூச்சிய முறையில் ஒவ்வொரு பெயரையும் கடைசிவரை நடந்து பார்க்க வேண்டும். ஒரு சரத்தின் பின்னால் இன்னொன்றை ஒட்டும்போதும் இதே நடைதான். புரோக்8 இன் காப்பி ஃபங்ஷன் நீளத்தைத் திருப்பித் தருவதால் கொஞ்சம் தப்பலாம். அந்த எண்ணைப் பிடித்து வைத்தால் மறுபடி எண்ண வேண்டியதில்லை.

ஆனால் பெயரை ஓடவிடத் தொடங்கினால் பூச்சியம்தான் ராஜா. தொடக்க முகவரியோடு 1 ஐக் கூட்டினால் முதல் எழுத்து போய்விடும், ஒரு பைட்டும் நகராது. 6 ஐக் கூட்டினால் 'ட்ரிங்கோ' கழன்று மிச்சம் நிற்கும். பஸ்காலில் மிச்சத்துக்கும் முன்னால் ஒரு நீள பைட் வேண்டும், ஆகவே காப்பி.

வேகத்தில் புரோசசரைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. உவர்மலையில் இருக்கிற நண்பன் இசட்80 பக்தன். "மச்சான், பூச்சியத்தைத் தேடுறது வீண்வேலை" என்பான். அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. இசட்80 இல் பைட்டை எடுத்தால் கொடிகள் (விடை பூச்சியமா என்பது போன்றவற்றைக் காட்டும் புரோசசரின் குறிகள்) மாறாது; பூச்சியமா என்று தனியாகக் கேட்க வேண்டும். அப்படி எழுதும் சாதாரணக் காப்பி வளையத்துக்குப் பைட்டுக்கு 42 கடிகாரத் துடிப்பு. நீளம் கையில் இருந்தால் எல்டிஐஆர் என்ற ஒற்றைக் கட்டளை 21 இல் முடித்துவிடும். 6502 இலோ எடுக்கும்போதே பூச்சியக் கொடி தானாக மாறிவிடுகிறது. வளையத்துக்குப் பைட்டுக்குச் சுமார் 18 துடிப்பு, நீளத்தை வைத்து எண்ணினால் 16. இதற்காகச் சண்டை பிடிக்கத் தேவையில்லை.

கொமடோரின் பேசிக் மொழியில் சரம் வெட்டுவது சுகம்தான். ஆனால் நிறையச் சரங்கள் சேர்ந்தபின் பயன்படாத பழைய சரங்களைக் குப்பையாக அள்ளி இடம் விடுவிக்கத் தொடங்கினால் இயந்திரம் அப்படியே உறைந்து நிற்கும். ஓடும் பலகைக்கு அது சரிவராது.

பாதுகாப்பில் பஸ்கால் ஒரு படி மேல். 8 எழுத்துக்கு ஒதுக்கிய இடத்தில் 11 எழுத்துள்ள குச்சவெளியைப் போட்டால் வால் வெட்டுப்பட்டு 'குச்சவ்' என்று நிற்கும். பார்க்கச் சிரிப்பு வரும், அவ்வளவுதான். புரோக்8 இல் மிச்ச 3 பைட் பக்கத்து மாறியின் (வேறு மதிப்பு வைத்திருக்கும் இடத்தின்) மேல் ஏறிவிடும், திரையில் எதுவும் தெரியாது. ஆனாலும் கொமடோருக்கு நான் புரோக்8 ஐத்தான் எடுப்பேன், எல்லாப் பெயருக்கும் 16 பைட் ஒதுக்கி.