சக்கரத்தைக் கழற்றாமலே பிரேக் பழுது பார்த்த பட்டறை: கடலூர், புதுவையில் பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து மறுபரிசோதனை நாள். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். தவளக்குப்பம் தாண்டி அரியாங்குப்பம் கடைத்தெரு நெரிசலில் முன்னால் போன பஸ் நின்றது. பிரேக்கை மிதித்தேன். மிதி வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்காமல் கீழே இறங்கிக்கொண்டே போனது. விட்டு விட்டு மூன்று முறை மிதித்த பிறகு ஏதோ கொஞ்சம் பிடித்தது. கார் இடப்பக்கமாக இழுத்தது. கைப்பிரேக்கையும் சேர்த்து இழுத்து நிறுத்தியபோது பஸ்ஸுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். அம்மா கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு, என்ன நடந்தது என்றே தெரியாமல், "ஏம்பா நிறுத்திவிட்டாய்?" என்று கேட்டார்.

அதற்குப் பதினோரு நாள் முன்புதான் இதே பிரேக்குக்காக ஒரு பட்டறையில் 14,200 ரூபாய் கொடுத்திருந்தேன்.

கார் 2008-இல் வாங்கிய ஆல்டோ. 15 ஆண்டு முடிந்து ஆர்.சி. புதுப்பித்தாகிவிட்டது. எங்கள் வீடு தென்பெண்ணைக் கரையோரம், குண்டுஉப்பலவாடிப் பக்கம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததும், அடுத்து சாத்தனூர் அணை திறக்கப்பட்டு ஆற்றில் வெள்ளம் பெருகியதும் இந்தப் பகுதிக்காரர்களுக்கு நினைவிருக்கும். சக்கரத்தின் நடுக்குடம் வரை சேற்று நீரில் இரண்டு நாள் நின்றது கார். வடிந்த பிறகு இருக்கைகளைக் காய வைத்தேன், எஞ்சின் ஆயிலை மாற்றினேன். பின்சக்கர டிரம்முக்குள் (பின்சக்கர பிரேக்கை மூடியிருக்கும் இரும்புக் குடத்துக்குள்) போன சேற்றை நினைத்துப் பார்க்கவில்லை. அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

ஆறேழு மாதம் கழித்து பிரேக் எச்சரிக்கை விளக்கு விட்டு விட்டு எரியத் தொடங்கியது. மிதியும் பஞ்சுபோல் ஆனது. நகருக்குள் இருக்கும் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். பெயரை இங்கே எழுதவில்லை. காரணம் பின்னால் வருகிறது. மேஸ்திரி வண்டியில் ஏறி உட்கார்ந்து இரண்டு முறை பிரேக்கை மிதித்தார். இறங்கி, "மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது சார், பூஸ்டரும் பலவீனமாக இருக்கிறது" என்றார். மிதியை அழுத்தும்போது பிரேக் ஆயிலைக் குழாய்களில் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர்; மிதிக்கும் விசையைக் கூட்டித் தருவது பூஸ்டர். பின்சக்கரம் வெள்ளத்தில் நின்றதே, அதைப் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். "அதெல்லாம் பார்த்துவிட்டோம் சார், சுத்தமாக இருக்கிறது" என்று பதில் வந்தது. மாலையில் வண்டியை எடுக்கப் போனபோது மிதி கல்போல் இருந்தது. மகிழ்ச்சியோடு பணத்தைக் கொடுத்தேன்.

தந்த தாளில் இருந்த கணக்கு: மாஸ்டர் சிலிண்டர் 3,900, பூஸ்டர் 5,600, முன்சக்கர பேட் (சக்கரத்தோடு சுழலும் தகட்டை இறுக்கிப் பிடிக்கும் கட்டை) 1,700, பிரேக் ஆயில் 600, கூலி 2,400. தாளின் மேலே 'எஸ்டிமேட்' என்று அச்சாகியிருந்தது. ஜி.எஸ்.டி. எண் இல்லை, கையெழுத்தும் இல்லை. பழைய பாகங்களைக் கேட்டேன். காயலான் கடைக்காரர் மதியமே எடுத்துப் போய்விட்டாராம்.

அரியாங்குப்பத்தில் காரை ஓரம் கட்டி, அம்மாவை ஆட்டோவில் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். மறுநாள் மீட்பு வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கள் தெருவில் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் சொன்னதும் கைவிளக்கோடு வந்தார். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, இந்த வீல் கப்பையெல்லாம் யார் இப்படிக் கட்டியது?"

நான்தான் கட்டினேன். வெள்ளத்துக்குப் பிறகு குண்டும் குழியுமான சாலையில் வீல் கப் (சக்கரத்தின் வெளிமூடி) ஒன்று கழன்று விழுந்ததால் நான்கையும் பச்சை நிற பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கியிருந்தேன். அந்தப் பட்டையை அறுக்காமல் சக்கரத்தைக் கழற்ற முடியாது. நான்கு பட்டைகளும் நான் கட்டியபடியே இருந்தன. சக்கரத்தைக் கழற்றாமல் முன் பேட்டை மாற்றும் வழி எதுவும் இல்லை. பெரியவர் பானட்டைத் திறந்து மாஸ்டர் சிலிண்டரைக் காட்டினார். அதைப் பூஸ்டரோடு பிணைக்கும் இரண்டு நட்டுகளிலும் பழைய துரு உடையாமல் படிந்திருந்தது. ஸ்பானர் பட்ட சுவடே இல்லை. குழாய் இணைப்புகளில் வெள்ளக் காலத்துச் செம்மண் தூசு அப்படியே இருந்தது. குறைந்திருந்த ஆயிலை நிரப்பி, சக்கரத்துக்குப் பின்னாலிருந்தே பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி அனுப்பியிருக்கிறார்கள். அதனால்தான் அன்று மாலை மிதி கல்போல் இருந்தது.

பின் இடச் சக்கரத்தைக் கழற்றி டிரம்மை இழுத்தபோது உண்மை வெளியே வந்தது. பிரேக் ஷூவை டிரம்மின் மேல் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை நகத்தால் விலக்கியதும் பிரேக் ஆயில் வழிந்தது. ஷூ லைனிங் (டிரம்மில் உரசி நிறுத்தும் பட்டை) முழுவதும் ஊறியிருந்தது. வெள்ள நீர் புகுந்து சிலிண்டரின் உட்சுவர் துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தது. அந்தக் குழிமேல் ஓடி ஓடி உள்ளே இருக்கும் ரப்பர் கப் கிழிந்திருந்தது. பெரும்பாலான முன்சக்கர இழுவைக் கார்களில் பிரேக் குழாய்கள் குறுக்காக இரண்டு சுற்றாகப் பிரிந்திருக்கும்: பின் இடமும் முன் வலமும் ஒரு சுற்று, மற்ற இரண்டும் இன்னொரு சுற்று. ஒரு சுற்றில் ஆயில் வற்றினாலும் மற்றது பிடிக்கும். முன் வலச் சக்கரம் பிடிக்காததால்தான் கார் இடப்பக்கம் இழுத்தது. அன்று எங்களைக் காப்பாற்றியது அந்த இரண்டாவது சுற்று.

பட்டறைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே அரை மணி நேரத்தில் பார்த்திருக்கக்கூடியவற்றை அவர் எனக்குக் காட்டினார். யாரும் செய்யலாம்.

முதலில் பானட்டுக்குள் இருக்கும் ஆயில் டப்பா. மட்டம் குறைந்தால் இரண்டே காரணம்: பேட் தேய்ந்திருக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது. மட்டம் குறைந்ததை நிரப்பிவிட்டுக் காரணத்தைத் தேடாமல் விடுவதுதான் ஆபத்து. நல்ல ஆயில் வெளிர்தேன் நிறத்தில் இருக்கும். காப்பி டிகாஷன் நிறத்துக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும். இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் அது 140 வரை இறங்கிவிடலாம். கடலோரத்தில் இருக்கும் நாம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. அவசரத்துக்கு என்று எஞ்சின் ஆயிலை அதில் ஊற்றிவிடாதீர்கள்; எல்லா ரப்பரும் ஊதிக் கெட்டுவிடும்.

அடுத்து பூஸ்டர். எஞ்சினை நிறுத்திவிட்டு மிதி இறுகும் வரை நான்கைந்து முறை மிதியுங்கள். காலை எடுக்காமல் எஞ்சினை ஓட விடுங்கள். மிதி சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. என் காரில் அழகாக இறங்கியது. 5,600 ரூபாய்க்கு மாற்றியதாகச் சொன்ன பூஸ்டர் அதே பழைய பூஸ்டர்தான், நல்ல நிலையில்.

மாஸ்டர் சிலிண்டருக்கு, எஞ்சின் ஓடும்போது மிதியை ஒரே அழுத்தத்தில் ஒரு நிமிடம் பிடித்திருங்கள். வெளியே எங்கும் கசிவு இல்லாமல் மிதி மெல்ல இறங்கிக்கொண்டே போனால் மட்டும்தான் அதன்மேல் சந்தேகப்பட வேண்டும். 'வெளியே கசிவு இல்லாமல்' என்பது முக்கியம். அதைப் பார்க்க நான்கு சக்கரத்தின் உட்புறத்திலும் விளக்கடித்துப் பாருங்கள். டயரின் உட்சுவரிலோ டிரம்முக்குப் பின்னாலிருக்கும் தகட்டின் அடிவிளிம்பிலோ ஈரம் இருந்தால் விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

சக்கரத்தைக் கழற்றுவதானால் சமதரையில், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, ஜாக்கியோடு ஸ்டாண்டும் கொடுத்துச் செய்யுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை நீட்டாதீர்கள். டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம், ஈரத் துணியால் துடையுங்கள். முன்சக்கரத்தைக் கையால் சுற்றும்போது கனமாக உரசினால் பேட்டை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரின் வழிகாட்டி ஊசிகள் துருவேறி இறுகியிருக்கலாம். உப்புக்காற்றில் இது அடிக்கடி நடக்கும். எனக்கும் ஒன்று இறுகியிருந்தது. கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ் தடவ வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பரைத் தின்றுவிடும். கண்டுபிடிப்பதுவரை வீட்டு வேலை. பாகம் மாற்றுவதையும் பிரேக் குழாயிலிருந்து காற்று எடுப்பதையும் கை பழகியவர் பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டாம்.

உண்மையான பழுதுக்கு ஆன செலவு: பின் வீல் சிலிண்டர் இரண்டும் 1,100, ஷூ 1,250, ஆயில் 350, மற்றவை 700. மொத்தம் 3,400 ரூபாய். பெரியவர் ஒரு பைசா வாங்கவில்லை. பழைய மாஸ்டர் சிலிண்டரோடும் பழைய பூஸ்டரோடும் மிதி இன்று ஒரு விரல் அகலம்கூட இறங்காமல் நிற்கிறது.

பட்டறைக்குப் படங்களோடு போனேன். முதலில் "புதுப் பாகமும் சில நேரம் கெடும் சார்" என்றார்கள். பச்சைப் பட்டையின் படத்தைக் காட்டியதும் உரிமையாளர் குரலை உயர்த்தினார். 2,000 ரூபாயை மேசைமேல் வைத்து, "இத்தோடு விடுங்கள்" என்றார். வாங்கவில்லை. பணம் ஏமாற்றுபவர்கள் எந்தத் தொழிலிலும் இருக்கிறார்கள். கசியும் பிரேக்கை அப்படியே விட்டு, "பார்த்துவிட்டோம், சுத்தமாக இருக்கிறது" என்று சொல்லி ஒரு குடும்பத்தைச் சாலைக்கு அனுப்புவதை என்னால் அதே கணக்கில் சேர்க்க முடியவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்க மனுவும் தயாராகிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதாடலாம், நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். மனு நிலுவையில் இருக்கப்போவதால்தான் பெயரை எழுதவில்லை. ஜி.எஸ்.டி. எண்ணோடு கூடிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். பழைய பாகங்களைத் தருவதாக ஒப்புக்கொண்ட பிறகே சாவியைக் கொடுங்கள். சக்கர நட்டுகளில் வண்டியை விடும்முன் பெயின்ட் புள்ளி வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

2024 வெள்ளத்தில் உங்கள் காரும் நின்றிருந்தால், பின் டிரம்மை இதுவரை யாரும் திறக்கவில்லை என்றால், இந்த வாரமே திறந்து பாருங்கள். எங்கள் தெருவில் அப்படி நின்ற மூன்று கார்களைப் பெரியவரும் நானும் போன ஞாயிற்றுக்கிழமை திறந்தோம். ஒன்றில் ரப்பர் மூடிக்குள் ஈரம் இருந்தது.