பித்தப்பைக் கல் வலி: மார்ஃபினா, பெத்திடினா, ஃபெண்டனிலா?

மார்ஃபின், பெத்திடின், ஃபெண்டனில் மூன்றும் ஓபியாய்டுகள், அதாவது அபின் வகை வலிநிவாரணிகள். பித்தப்பைக் கல் வலிக்கு மார்ஃபின் ஆகாது, பெத்திடின்தான் போடவேண்டும் என்பது பல வார்டுகளில் இன்னும் எழுதாத சட்டம். பித்தநாளம் சிறுகுடலில் திறக்கும் வாயில் உள்ள ஓடி சுருக்குத்தசையை மார்ஃபின் இறுக்கிவிடுமாம். இறுக்குவது உண்மைதான். பித்தம் ஓடும் பாதையைக் காட்டும் ஹைடா ஸ்கேனில் பித்தப்பை தெரியாவிட்டால், பித்தத்தை அதற்குள் திருப்ப கிலோவுக்கு 0.04 மி.கி. மார்ஃபின் போடுவதே அந்த இறுக்கத்தை நம்பித்தான். ஆனால் பெத்திடினும் அதே தசையை இறுக்கும். மார்ஃபினைவிட அது மேல் என்பதற்கு நோயாளிகளிடம் உறுதியான சான்று இல்லை.

பெத்திடினின் ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. 2–3 மணி நேரத்தில் வலி திரும்பும், மறுபடி ஊசி. அது சிதைந்து உண்டாகும் நார்பெத்திடின் உடலில் தேங்கும், சிறுநீரகம் பழுதானால் இன்னும் அதிகம். முதலில் கை நடுக்கம், தசைத் துடிப்பு, பிறகு வலிப்பு. ஓபியாய்டுக்கு மாற்றுமருந்தான நலோக்சோன் இந்த வலிப்பை நிறுத்தாது. மார்ஃபினின் கழிவுப்பொருளும் சிறுநீரக நோயாளியிடம் தேங்கி மூச்சை மந்தமாக்கும் என்பதால், அவருக்கு ஃபெண்டனிலே பாதுகாப்பு.

அவசரப் பிரிவில் முதல் ஊசி ஓபியாய்டாகவே இருக்க வேண்டியதில்லை. ஓபியாய்டு அல்லாத வலிநிவாரணியான டைக்லோஃபெனாக் 75 மி.கி. தசையில் போட்டாலே பலருக்கு வலி அடங்கும். சிறுநீரகக் கோளாறு, குடற்புண், ரத்தக்கசிவு இருந்தால் தவிர்க்கவேண்டும்.

பித்தப்பையை எடுக்கும் ஆபரேஷன் தியேட்டரில் ஃபெண்டனிலுக்குத்தான் முதலிடம். மயக்கம் கொடுக்கும்போது கிலோவுக்கு 1–2 மைக்ரோகிராம், மூச்சுக்குழாயில் குழாய் போடுவதற்கு 3 நிமிடம் முன்பாக. பெரிய டோஸை வேகமாகத் தள்ளினால் மார்புத்தசை விறைத்து, மூச்சுக் கொடுக்கும் பையை அழுத்தினாலும் காற்று உள்ளே போகாது. அதே வகையைச் சேர்ந்த ரெமிஃபெண்டனிலை இன்னும் சுலபமாகக் கையாளலாம். ஆனால் நிறுத்திய 5–10 நிமிடத்தில் மறைந்துவிடும். அதற்குள் வேறு வலிநிவாரணி உள்ளே போயிருக்க வேண்டும்.

எந்த ஓபியாய்டானாலும் சிக்கல் தலைகாட்டும் இடம், அறுவையின் நடுவே எடுக்கும் பித்தநாள எக்ஸ்ரே. சாயம் சிறுகுடலுக்குள் இறங்காமல் நிற்கும். நாளத்தின் முனை வழவழப்பாகக் குவிந்திருந்தால் தசை இறுக்கத்தைச் சந்தேகிக்கலாம், பிறை வடிவில் வெட்டுப்பட்டிருந்தால் கல்லை. நாளத்தைத் திறக்கும் முன் தசையைத் தளர்த்தும் குளுக்ககான் 1 மி.கி. சிரையில் போட்டு, சில நிமிடம் விட்டு மறுபடி சாயம் செலுத்திப் பார்க்கவேண்டும். நலோக்சோனும் தசையைத் தளர்த்தும். கூடவே வலிநிவாரணத்தையும் பறித்துவிடும்.

லேப்ராஸ்கோப்பி முறையில் அறுவை செய்தவர்கள் மறுநாள் தோள்பட்டை வலிக்கிறது என்பார்கள். உதரவிதானம் எரிச்சல்படுவதால் வருவது அது. மார்ஃபின் பெரிதாக உதவாது. கருவிகளை நுழைக்கச் செருகிய போர்ட்டுகளை எடுக்குமுன், வயிற்றை உப்பவைக்க ஏற்றிய கார்பன் டை ஆக்சைடை முழுக்க வெளியேற்றிவிட்டால் கணிசமாகக் குறையும்.