குரங்கணி மலையேற்றத்துக்குப் பணம் கட்டும் முன் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள்

கடந்த ஜனவரியில் ஒரு சனி, ஞாயிறில் தேனி மாவட்டத்துக் குரங்கணியிலிருந்து மலைமேல் கேரள எல்லையில் உள்ள டாப் ஸ்டேஷன் வரை நடந்து, இரவு கூடாரத்தில் தங்கித் திரும்பலாம் என்று நானும் அலுவலக நண்பர்கள் நால்வரும் மதுரையிலிருந்து கிளம்பினோம். இன்ஸ்டாகிராமில் விளம்பரம் செய்திருந்த ஓர் ஏற்பாட்டாளர், வனத்துறை அனுமதி, வழிகாட்டி, கூடாரம், சாப்பாடு அனைத்தும் சேர்த்து ஆளுக்கு 3,800 ரூபாய் என்றார். ஐந்து பேருக்குமாக 19,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினோம். அனுமதிக் கடிதத்தின் படத்தை இரண்டு முறை கேட்டும், "அங்கே வந்ததும் கையில் தருவார்கள்" என்ற பதிலே வந்தது. அதை நம்பியது என் தவறு.

குரங்கணியில் எங்களுக்காகக் காத்திருந்தவர் இருபது வயது மதிக்கத்தக்க இளைஞர். சோதனைச் சாவடியில் அவர் நீட்டிய தாளில் வேறொரு தேதியும், எங்களுக்குத் தெரியாத ஆறு பேரின் பெயர்களும் இருந்தன. வனக்காவலர் எங்களைத் திருப்பி அனுப்பினார். ஏற்பாட்டாளரிடம் போனில் பேசிவிட்டு வந்த இளைஞர், "அண்ணே, கொஞ்சம் கீழ போயி எஸ்டேட் வழியா ஏறிரலாம், ஆரும் கேக்க மாட்டாங்க" என்றார்.

பணம் போனதைவிட, இந்தப் பேச்சுதான் என்னை இதை எழுத வைத்தது. 2018 மார்ச் 11 அன்று இதே மலைச்சரிவில், காய்ந்த புல்லில் பரவிய தீயில் சிக்கி, மலையேற்றத்துக்கு வந்தவர்களில் 23 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகே மலையேற்றத்துக்கென்று தமிழக அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. காட்டுக்குள் எத்தனை பேர், எந்த வழியில் இருக்கிறார்கள் என்பது வனத்துறைக்குத் தெரிந்தால்தான் ஆபத்து நேரத்தில் தேடி வர முடியும். குறுக்கு வழியில் ஏறுபவரை யாரும் தேடப்போவதில்லை. அனுமதியின்றிக் காப்புக்காட்டில் நுழைவது குற்றம் என்பதால், வழக்கும் நம் மேல்தான் வரும்.

நாங்கள் மறுத்துவிட்டோம். பிறகு அதற்குப் பதிலாகப் போடிமெட்டு வழியாகக் கேரளத்தில் உள்ள சூரியநெல்லிக்கு அழைத்துச் சென்று, ஜீப்புக்கென்று மேலும் 2,500 ரூபாய் வாங்கினார்கள். அங்கே ஐந்து பேருக்கு ஜிப் அறுந்த இரண்டு கூடாரங்களும் மூன்று உறக்கப்பைகளும்தான் இருந்தன. அந்தக் குளிரில் இருவர் விடிய விடிய அடுப்பருகே உட்கார்ந்திருந்தார்கள். ஊர் திரும்பிப் பணத்தைக் கேட்டபோது, முதலில் வானிலையைக் காரணம் காட்டிய ஏற்பாட்டாளர், மறுநாள் என் எண்ணைத் தடை செய்துவிட்டார். 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணிலும், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் செய்திருக்கிறேன்.

மலையேற விரும்புவோர் தயவுசெய்து, உங்கள் பெயரும் தேதியும் வழித்தடமும் எழுதிய அனுமதியைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். வனத்துறையே 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தை 40 வழித்தடங்களோடு தொடங்கி, இணையத்தில் நேரடியாக முன்பதிவு செய்ய வழி வைத்திருக்கிறது. காட்டுத்தீ அபாயம் மிகுந்த மாதங்களில் அந்தப் பாதைகளை மூடிவிடுவார்கள். அப்போதும் "அனுமதி இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், அவரிடம் மேற்கொண்டு பேசவே வேண்டாம்.

எங்களை ஏமாற்றியவரின் விளம்பரம், அதே படத்தோடு, மார்ச் மாதத்து வார இறுதிகளுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு இன்று காலையும் என் நண்பரின் போனில் வந்தது.