பள்ளிப் பட்டறைக்கு ஒரு மேசை ரம்பம்: மார்த்தாண்டத்துக் கடையின் சேவை

எங்கள் பள்ளியின் மரவேலைப் பட்டறைக்காக மார்த்தாண்டத்துக் கடை ஒன்றில் 10 அங்குல வட்டப் பிளேடு கொண்ட மேசை ரம்பம் வாங்கினோம். விலை பேசுவதற்கு முன்பே மாணவர்களின் வயதை விசாரித்த கடைக்காரரின் அக்கறை மனதாரப் பாராட்டத் தக்கது.

இயந்திரத்தின் பெரும் சிறப்பு, பிளேடுக்குப் பின்னால் அதனுடனேயே ஏறி இறங்கும் தடுப்புத் தகடு. நம் பகுதியில் எளிதில் கிடைக்கும் ரப்பர் மரத்தையோ அயனியையோ நன்கு காயாத நிலையில் அறுக்கும்போது, வெட்டிய இடைவெளி இறுகிப் பிளேடைக் கவ்வி, கட்டை அறுப்பவர் மீதே எறியப்படும் அபாயத்தை இத்தகடு வெகுவாகக் குறைக்கிறது. தகடு பிளேடின் உடலை விடத் தடிமனாகவும், பல் வெட்டும் அகலத்தை விட மெல்லியதாகவும் இருக்க வேண்டும் என்பதை, பொருத்த வந்த மெக்கானிக் அளந்தே காட்டினார். கையுறை சுழலும் பிளேடில் சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும் என்பதால், அதை அணியவே கூடாது என்றும் மாணவர்களிடம் வலியுறுத்தினார். பெற்றோர் பலரும் இதற்கு நேர்மாறாக நம்புவது கவலைக்குரியது.

கை பிளேடை நெருங்காமல் கட்டையைத் தள்ள உடன் தந்த தள்ளுகோல் மிகவும் குட்டையானது. நீளமானதைத் தனியே செய்துகொள்வது நல்லது. மின்சாரம் நின்று திரும்பும்போது இயந்திரம் தானாக ஓடத் தொடங்காதபடி தடுக்கும் சுவிட்ச் இதில் உள்ளது. அது இல்லாத இயந்திரத்தை, எவ்வளவு மலிவானாலும், பள்ளிகள் வாங்கலாகாது.